எம் பத்தொன்பது

முதலில் சத்தம்தான் வந்தது,
சுவர்க்கோழிக்குத் தொண்டை கட்டியது போல.
அப்புறம் அதுவும் இல்லை.
காதை வைத்தால் மோட்டார் ஓடுவது கேட்கிறது.
துணிகள் மட்டும் ஊறிக்கொண்டு
ஞாயிற்றுக்கிழமை மாதிரிக் கிடக்கின்றன.

தணிகாசலம் வந்தார். மூடியைத் திறந்தார், மூடினார்.
'மோட்டார் போச்சு மேடம். நாலாயிரத்து எட்நூறு ஆவும்.
எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டு புதுசு வாங்கிடுங்க.'
ஓடுகிற மோட்டார் எப்படிப் போகும் என்று
முந்நூறு ரூபாயைக் கொடுத்த பிறகுதான் தோன்றியது.

பதினோரு நாள் கையால் துவைத்தேன்.
மந்தைவெளி போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது,
திரிந்த பாலாய் மிதக்கும்.
ஆஸ்பத்திரிக் கோட்டின் கழுத்துப்பட்டையைத்
தேய்த்துத் தேய்த்து முட்டியில் தோல் போனது.
லூர்துராஜ் எட்டிப் பார்த்துச் சொன்னான்:
'மெதுவா. கோட்டு கிழிஞ்சிடப் போவுது.'

அன்றைக்கு ராத்திரிதான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

நாளைக்கு நாற்பது மார்புக்கூடு பார்க்கிறவள் நான்.
மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க.
எட்டு வருஷமாய் பாத்ரூம் வாசலில் நிற்கும்
இதன் முதுகுக்குள் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆறு ஸ்க்ரூ. நாலு உடனே கழன்றன.
ஒன்று தலை தேய்ந்து வழுக்கியது,
ரப்பர் பேண்டை நடுவில் வைத்துத் திருகினேன்.
கடைசியில் துரு. தேங்காயெண்ணெய் விட்டு
அரைமணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே எங்கும் கறுப்புத் தூள்,
மை டப்பா கொட்டியது போல.
தூளுக்குள் மெர்லினின் கொலுசுத் திருகாணி.
இதைத் தொலைத்ததற்காக அவளை ஒருநாள் அடித்தேன்.
காலையில் அவள் டிபன் பாக்ஸ் மேல் வைத்தேன்,
ஒன்றும் சொல்லவில்லை.
எடுத்துக்கொண்டாள், அவளும்.

பெல்ட் அடியில் தொங்கியது.
விளிம்பு பளபளத்து, ஒரு இடத்தில் வெடித்து, நூல் தெரிய.
எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால்
எலும்பு நன்றாக இருக்கிறது,
தசைநார்தான் கிழிந்திருக்கிறது.

மதியச் சாப்பாட்டுப் பையில் அதைச் சுருட்டிப் போட்டு
பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டை.
ரிச்சி தெருப் பின்சந்தில் கடைக்காரர் கேட்டார்,
'எம் பத்தொன்பதா, இருபதா?'
எண் எப்போதோ தேய்ந்து போயிருந்தது.
இரண்டு கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பார்த்து
'இருபது' என்றார். நூற்றி முப்பது ரூபாய்.

இருபது இல்லை.
பாவாடை நாடா தளர்ந்த மாதிரித் தொங்கியது.
மறுநாள் மறுபடி ரயில், மறுபடி அதே சந்து.
'பழசு இழுத்துப் போயிருக்கும்மா,
அத்த அளந்தா அதிகமாத்தான் காட்டும்' என்று
தன் தப்பை எனக்குப் பாடமாய் நடத்திவிட்டு
மாற்றிக் கொடுத்தார்.

பிளக்கைப் பிடுங்கி, கண் பார்க்கத் தரையில் போட்டேன்.
லூர்துராஜ் செல்போனில் டார்ச் அடித்தான்.
வெளிச்சம் அடிக்கடி கூரைக்குப் போனது,
அவனுக்கு மெசேஜ் வந்துகொண்டிருந்தது.

முதலில் சின்னச் சக்கரம்.
பெரியதன் விளிம்பில் பாதி மாட்டிக்
கையால் சுற்றினால் மீதி தானாய் ஏறுகிறது.
அந்த ஏறும் கணம், என்ன சொல்ல,
குழந்தைக்குச் சட்டைக் கை நுழைவது போல.
மோட்டாரைத் தள்ளி, போல்ட்டை முறுக்கி,
நடுவில் கட்டைவிரலால் அழுத்தினேன்.
அரை அங்குலம் அமுங்கியது. போதும்.
இன்னும் இறுக்கலாமே என்றான்.
இறுக்கினால் பேரிங் அழும் என்றேன்.
எனக்கே அது நேற்றுதான் தெரியும்.

பதினொன்றேகாலுக்குக் கோட்டுகளைப் போட்டுக்
குமிழைத் திருப்பினேன்.
இந்தப் பக்கம் ஒரு சுற்று. நின்று,
அந்தப் பக்கம் ஒரு சுற்று.
மூடியைத் திறந்து வைத்து
டிவி பார்ப்பது போல இரண்டு பேரும் பார்த்தோம்.

மூன்றாவது நிமிஷம் கரண்ட் போனது.
தெருவே ஒரு 'ஓ' போட்டது.
இருட்டில் தண்ணீர் மட்டும் இன்னொரு அரைச் சுற்று
தன்பாட்டில் சுற்றி அடங்கியது.

'மோட்டார் போச்சா?' என்றான்.

மூச்சைப் பிடிங்க, என்றேன்.